அயல்நாடுகளின் பொருளாதாரத்தையும் பண்பாட்டையும் புவியியல் எப்படி வடிவமைக்கிறது?

கேள்வி கேட்டவர் இமயமலையை உதாரணம் காட்டி, இயற்கை எல்லை ஒன்று நடுவில் இருந்தால் இரு பக்கமும் இரு வேறு உலகமாகிவிடும்தானே என்று கேட்டிருக்கிறார். மலை எல்லைகளோடு எனக்குப் பழக்கமில்லை. கடல் எல்லையோடுதான் வளர்ந்தேன். அதனால் எனக்குத் தெரிந்த எல்லையை வைத்தே பதில் சொல்கிறேன்.

நான் இலங்கையின் வடக்கே, வன்னியின் மேற்குப் பக்கம், மன்னார்ப் பெருநிலப்பரப்பில் முருங்கனுக்கு அருகே பிறந்தவன். அப்பா காட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்தவர். அம்மா பேசாலைக் கடற்கரைக்காரி. அதனால் சின்ன வயதிலிருந்தே வயலும் கடலும் ஒரே வீட்டில் சண்டை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். மழை எப்போது வரும் என்று ஒருவர் வானத்தைப் பார்ப்பார், காற்று எப்போது திரும்பும் என்று மற்றவர் பார்ப்பார்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். நடுவில் வரிசையாக மணல் திட்டுகள், எங்கள் சொல்லில் தீடைகள். சில இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. அதற்கு வடக்கே பாக்கு நீரிணை முழுவதும் ஆழம் குறைந்த கடல். அதன் அடியில் ஒரு வளர்ந்த பனையை நட்டால் தலை வெளியே தெரியும். என்னைக் கேட்டால், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் நடந்தவற்றில் பாதிக்கு மேல் இந்த ஆழமின்மைக்குள்தான் இருக்கிறது. சின்னத் தோணிக்கு வழிவிடும், பெரிய கப்பலை மறிக்கும். ஆட்கள் வந்து போகலாம், பெரிய முதலீடு வந்து தங்காது.

முன்பு இதுவே எங்களுக்கு வாய்ப்பாக இருந்தது. மேற்கிலிருந்து வந்த கப்பலும் கிழக்கிலிருந்து வந்த கப்பலும் தீடையைத் தாண்ட முடியாமல் சரக்கை இறக்கி மாற்றிக்கொண்ட இடங்களில் ஒன்று மாந்தை. மாதோட்டம் என்று சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அதே ஊர். இன்று திருக்கேதீச்சரம் கோயில் இருக்கும் இடம். 1980களில் அங்கே அகழ்ந்தபோது சீன மட்பாண்டமும் பாரசீகப் பக்கத்து மட்பாண்டமும் ஒரே மண்ணுக்குள்ளிருந்து வந்தன. மாந்தைக்குப் பின்னால் ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அது நேரே அநுராதபுரத்துக்குப் போகும். அங்கே அந்த ஆற்றுக்கு மல்வத்து ஓயா என்று பெயர், எங்கள் பக்கம் வந்தால் அருவி ஆறு. சிங்கள அரசின் தலைநகரும் தமிழ்க் கரைத் துறைமுகமும் ஒரே ஆற்றைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்த காலம் அது. அந்த ஆற்றின் குறுக்கே கட்டிய தேக்கம் என்ற அணையில் மறித்த தண்ணீர்தான் காட்டுக்கரைக் குளத்துக்கு வந்து எங்கள் வயலுக்கும் பாய்ந்தது. பெயர் மாறினாலும் ஆறு மாறவில்லை என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் இன்னும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது என் கவலை.

பிறகு கப்பல்கள் பெருத்தன. பெருத்த கப்பல் தீவைச் சுற்றிப் போனது. அலைதடுப்பு அணை கட்டிய கொழும்பு துறைமுக நகரமாக எழும்பியது, மாந்தை மேய்ச்சல் நிலமானது. கடலைத் தோண்டிக் கால்வாய் வெட்டும் யோசனை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. 2005இல் சேதுசமுத்திரத் திட்டம் என்று தொடங்கியும் விட்டார்கள், பாதியில் நின்றுவிட்டது.

ஆட்கள் கடந்த கதை வேறு. அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

தென்மேல் பருவக்காற்று இலங்கையின் மலைகளில் முட்டி அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் மழையில்லாத வெறும் சோளகக் காற்றாக வருகிறது. இந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலையும் அதையே செய்கிறது. மழை கேரளத்துக்கு, வெயில் இராமநாதபுரத்துக்கு. ஆக, கடலுக்கு அந்தப் பக்கம் பஞ்சம் பிடித்த வறண்ட நிலம், இந்தப் பக்கம் ஈர மலை. 1830களிலிருந்து வெள்ளைக்காரர் அந்த ஈர மலையில் கோப்பி நட்டபோது, ஆட்களை வறண்ட பக்கத்திலிருந்து கொண்டுவந்தார்கள். நடுவில் இருந்த வழி நாங்கள்தான். இராமேசுவரக் கரையிலிருந்து தோணியில் ஏறி, மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டுக்குள்ளால் மாத்தளை வரை கால்நடையாக. தண்ணீர் இல்லாத பாதை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். அந்தப் பாதையில் இன்று பஸ்ஸில் போகும்போது யாராவது முதியவர் ஒருவர் காட்டைக் காட்டி, "இதுக்குள்ள எத்தின சனம் கிடக்குதோ" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மலையகத் தமிழரின் வரலாறு தேயிலைத் தோட்டத்தில் தொடங்குவதாகவே பலரும் எழுதுகிறார்கள். அது எங்கள் காட்டில் தொடங்கியது.

1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் இரு பக்கமும் ரயிலும் வந்தன. சென்னையில் சீட்டு எடுத்துக் கொழும்பில் இறங்கலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்குப் பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலையும் 80களில் யுத்தம் நிறுத்தியது.

தோட்டத்துக்கு வருபவர்களைக் கடல் கடக்கும் முன் சில நாள் மறித்து வைத்துச் சோதிக்க, தமிழ்நாட்டுக் கரையில் மண்டபம் என்ற ஊரில் இலங்கை அரசு ஒரு முகாம் நடத்தியது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் இறங்கியதும் அந்த முகாமில்தான். 1990 யுத்தத்தில் பேசாலையிலிருந்து இரவோடிரவாகப் படகேறிய என் சின்னம்மா இறங்கியதும் அதே முகாம். அவவையும் பிள்ளைகளையும் படகுக்காரன் ஒரு தீடையில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். விடியும் வரை நாலு பக்கமும் கடல் சூழ்ந்த மணலில் இருந்திருக்கிறார்கள். ஆழமான கடலாக இருந்திருந்தால் அவ போயே இருக்கமாட்டா. ஆழமில்லாததால் போனா, போன இடத்தில் முப்பது வருசத்துக்கு மேல் அகதி. பிறகு சிவகங்கைப் பக்கத்து முகாம் ஒன்றுக்கு மாற்றினார்கள், இன்னும் அங்கேதான்.

இனி மீன். இந்தக் கடலடி சேறும் மணலும் கலந்த மட்டமான தரை. இறால் பெருகுவதற்கு நல்ல இடம், கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலைக்கும் நல்ல இடம். பாறையும் பள்ளமுமான கடலாக இருந்திருந்தால் றோலர் என்கிற இழுவைப் படகுப் பிரச்சினை இந்த அளவுக்கு வந்திருக்காது. தமிழ்நாட்டுக் கரையில் இறால் ஏற்றுமதிக்காக இழுவைப் படகுகள் பெருகின. 1974இலும் 1976இலும் இரு அரசுகளும் கடலில் கோடு கீறின. மீனுக்குக் கோடு தெரியாது, அது சரி. ஆனால் யுத்த காலத்தில் எங்கள் ஆட்களைக் கடலுக்குப் போகவிடாமல் தடுத்து வைத்திருந்தபோது, எங்கள் பக்கத்துக் கடல் வேறு யாருக்கோ பழக்கமாகிவிட்டது. 2009க்குப் பிறகு மாமா கடன்பட்டு வலை வாங்கி மீண்டும் இறங்கினார். ஒரு இரவு, விரித்த வலை முழுவதையும் ஒரு றோலர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. காலையில் மிதவை இரண்டு மட்டும் கரைக்கு வந்தது. திங்கள், புதன், சனி என்றால் றோலர் வரும் நாள். அந்த மூன்று நாளும் கடலுக்குப் போகாமல் கரையில் இருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. அந்தப் பக்கம் றோலரில் வருபவனும் ஒரு முதலாளியிடம் கூலிக்கு வருபவன்தான் என்று மாமாவே சொல்வார். அப்படிச் சொன்னாலும் வலை போன வலி வலிதான். இரு பக்கமும் தமிழ் பேசுவதால் இது தானாகத் தீரும் என்று நினைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. கடலடி தரை மட்டமாக இருக்கும் வரை மடி இழுக்கத் தோன்றும். மடியை நிறுத்திவிட்டு வேறு தொழிலுக்கு மாற உதவி வேண்டும். அதை அந்தப் பக்கத்து அரசு செய்ய வேண்டும்.

அதே கரைதான் இன்னொன்றையும் தந்தது. தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளிப்புக் கரையிலிருந்துதான் 1540களில் கத்தோலிக்கம் மன்னாருக்கு வந்தது. கச்சதீவு அந்தோனியார் திருநாளுக்கு இரு நாட்டுச் சனமும் விசா இல்லாமல் ஒரே மணலில் முழந்தாளிடுகிறது. இந்தக் கடலில் சுழியோடி எடுத்த சங்கு வங்காளம் வரை போய் அங்கே கலியாணப் பெண்களின் கைவளையலாகும். கேள்விக்காரர் அயல்நாடு என்று எதைக் கணக்கெடுக்கிறார் தெரியாது, ஒரு சங்கை வைத்தே மூன்று நாடு சொல்லலாம்.

கடைசியாக மழை. எங்களுக்கு ஒரு மழைதான். ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை வாடைக்காற்றோடு வருவது. காலபோகம் என்கிற மாரி நெல் விளைச்சல் முழுக்க அதை நம்பி இருக்கிறது. அடியில் கருங்கல் உள்ள வன்னியின் பெரும்பகுதியில் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லைப் போல் கிணற்றுத் தண்ணீரை நம்ப முடியாது. பெய்ததை மறித்து வைக்க வேண்டும், அதனால் ஊர் என்றால் குளம். ஊர்ப் பெயர்களைப் பாருங்கள், பாதிக்குப் பாதி குளத்தில் முடியும். கடலுக்கு அந்தப் பக்கம் இராமநாதபுரம், சிவகங்கை நிலத்துக்கும் அதே ஒரு மழை, அதே வேலை. அவர்கள் கண்மாய் என்கிறார்கள். நாங்கள் துருசு என்பதை அவர்கள் மடை என்கிறார்கள். குளம் நிரம்பி வழிந்தால் எங்களுக்கு வான் பாய்கிறது, அவர்களுக்கு மறுகால் பாய்கிறது. குளத்தங்கரையில் ஐயனாரை வைப்பதுவரை ஒன்றுதான். நாடு வேறு, காசு வேறு, பாஸ்போட் வேறு. ஆனால் நெல்லை எப்போது விதைப்பது என்பதில் முருங்கனுக்குக் கொழும்பைவிடச் சிவகங்கைதான் கிட்ட.

போன மாரியில் எங்கள் பக்கம் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் சின்னம்மா அழைப்பு எடுத்தா. அங்கேயும் அதே மழை, முகாம் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம். அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. சத்தம் சரியாகக் கேட்காததால் உரத்துக் கேட்டா:

"தம்பி, காட்டுக்கரை மறுகால் பாயுதோ?"