பழைய ஸ்டீரியோ பொட்டிய வச்சு 5.1 போடலாமா? கேளுங்க, சொல்றேன்

தர்மபுரில ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) சர்வீஸ் பண்றேன். பரண்ல கெடக்குற பழைய மரப் பொட்டி ஸ்பீக்கர 5.1 ஹோம் தியேட்டர்ல (முன்னாடி மூணு பொட்டி, பின்னாடி ரெண்டு, கூட ஒரு சப்வூபர்) சேக்க முடியுமான்னு கடைக்கு வர்றவங்க பாதிப் பேரு கேக்குறாங்க, அதான் இன்னைக்கு எல்லாருக்கும் இங்கயே பதில் சொல்லிடலாம்னு.

பாலக்கோடு தம்பி: அண்ணா, அப்பா வாங்குன ஸ்டீரியோ செட்டோட ரெண்டு பொட்டி இருக்கு, 8 இன்ச் வூபர் (பேஸ் குடுக்குற பெரிய ஸ்பீக்கர்). புதுசா 5.1 ரிசீவர் (எல்லா பொட்டிக்கும் சத்தத்த பிரிச்சுக் குடுக்குற ஆம்ப்) வாங்கப் போறேன். பழச பின்னாடி சரவுண்டுக்கு தள்ளிட்டு முன்னாடிக்கு புதுசு எடுத்துக்கவா?

பதில்: எல்லாரும் இப்படித்தான் நெனைக்கிறாங்க தம்பி, நான் உல்டாவா சொல்லுவேன். படத்துல வசனம், பாட்டு, மியூசிக் எல்லாமே பெரும்பாலும் முன்னாடிதான் வருது, பின்னாடிக்குப் போறது மழை, கைதட்டல், ஹெலிகாப்டர் மாதிரி சமாச்சாரம், அதுக்கு 3 இன்ச் சின்ன பொட்டியே போதும். நல்ல 8 இன்ச் வூபர கொண்டுபோய் சோபாவுக்குப் பின்னால வச்சா யாருக்கு லாபம்? பழைய ஜோடிய முன்னாடி வை, மிச்ச காசுக்கு சின்னதா ரெண்டு வாங்கி பின்னாடி மாட்டு.

ஆனா அதுக்கு முன்னாடி பொட்டிய பாக்கணும். முன்பக்க துணி கிரில்ல கழட்டிட்டு கோனைச் (அசையுற கூம்பு) சுத்தி இருக்கிற வளையத்த வெரலால லேசா தொட்டுப் பாரு. ரப்பரா இருந்தா பிரச்சனை இல்ல, துணியா இருந்தாலும் பரவால்ல, ஃபோமா இருந்து தூள் தூளா வெரல்ல ஒட்டுச்சுன்னா செத்துப்போச்சு, 15-20 வருஷத்துல ஃபோம் உதிர்றது சகஜம். ஸ்பீக்கர தூக்கிப் போடவேணாம், வளையம் மட்டும் தனியா கெடைக்கும், பெங்களூரு எஸ்.பி. ரோட்டுல தேடிப் பாரு, 8 இன்ச்சுன்னு மட்டும் சொல்லாம கோனோட அளவு, வெளி ஃப்ரேமோட அளவு ரெண்டையும் எழுதிட்டுப் போ. அப்புறம் ரெண்டு கை வெரலாலயும் கோன சமமா உள்ள அமுக்கி விடு, கரகரன்னு ஒரசுற சத்தம் வந்தா காயில் ஒரசுதுன்னு அர்த்தம், அதுக்கு வளையம் மட்டும் மாத்தி பெரும்பாலும் பிரயோஜனம் இருக்காது.

இன்னொண்ணு, ஒரு பென்சில் பேட்டரி எடுத்து பிளஸ்ஸ பொட்டி பின்னாடி இருக்கிற செவப்பு டெர்மினல்லயும் மைனஸ கருப்புலயும் ஒரு செகண்டு தொட்டு எடு. வூபர் வெளிய வரணும். ஒரு பொட்டில வெளியயும் இன்னொண்ணுல உள்ளயும் போச்சுன்னா எவனோ உள்ள வயர மாத்தி அடிச்சிருக்கான், அப்படியே போட்டா பேஸ் காணாமப் போயிடும்.

ஓசூர் சிப்காட்: பொட்டி பின்னாடி இருந்த ஸ்டிக்கர் போயிடுச்சு, எத்தனை ஓம்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: ஆம்ப்ல இருந்து வயர கழட்டிட்டு, மல்டிமீட்டர ஓம் அளவுல வச்சு பொட்டியோட ரெண்டு டெர்மினல்லயும் வைங்க. 5.5-ல இருந்து 7 வரைக்கும் காட்டுனா 8 ஓம் ஸ்பீக்கர், 3-ல இருந்து 3.5 பக்கம் காட்டுனா 4 ஓம். மீட்டர் எப்பவும் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும். ரிசீவர் பின்னாடி 6 ஓம்ல இருந்துன்னு போட்டிருந்தா 4 ஓம மாட்டாதீங்க, சவுண்ட ஏத்துனா சூடாகி ப்ரொடெக்ஷன்ல ஆஃப் ஆகும். ஒரே சேனல்ல ரெண்டு 8 ஓம் பொட்டிய பேரலலா (செவப்போட செவப்பு, கருப்போட கருப்பு) சேத்து மாட்டுனாலும் 4 ஓம்தான், அதுவும் வேணாம்.

அரூர்க்காரன்: செண்டருக்கு பழைய டேப் ரெக்கார்டர் ஸ்பீக்கர் போட்டிருக்கேன் ண்ணா, ஹீரோ தகர டப்பாக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு.

பதில்: அத மொதல்ல கழட்டுங்க. ரிசீவர் மெனுல செண்டர் ஸ்பீக்கர் இல்லன்னு செட் பண்ணுங்க, வசனத்த லெஃப்டுக்கும் ரைட்டுக்கும் அதுவே பிரிச்சுக் குடுத்துடும், நடுவுல உக்காந்தா ஸ்கிரீன்ல இருந்தே பேசற மாதிரி கேக்கும். ஓரமா உக்கார்றவங்களுக்கு மட்டும் பக்கத்துப் பொட்டிலேர்ந்து வர்ற மாதிரி இருக்கும், மாமா மச்சான் யாராவது ஓரத்துல உக்காந்துக்கட்டும். முன்னாடி மூணும் ஒரே குரல்ல பேசணும், அது முடியலன்னா ரெண்டே போதும்.

பென்னாகரம்: ரிசீவர் வாங்க காசில்ல, ஸ்டீரியோ ஆம்ப் மட்டும் இருக்கு, நாலு பொட்டி இருக்கு. ஏதாவது வழி?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! ஹாஃப்லர் கனெக்ஷன்னு ஒண்ணு இருக்கு, டேவிட் ஹாஃப்லர்னு அமெரிக்காக்காரர், 1970-கள்ல பரவலாச்சு. முன்னாடி ரெண்டும் எப்பவும் போல. பின்னாடி பொட்டி ஒண்ணோட செவப்ப ஆம்ப்போட லெஃப்ட் செவப்புல, இன்னொண்ணோட செவப்ப ரைட் செவப்புல குடுங்க, ரெண்டோட கருப்பையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்தி விட்டுடுங்க, ஆம்ப்ல எங்கயும் சேக்காதீங்க. லெஃப்டுலயும் ரைட்டுலயும் ஒரே மாதிரி வர்ற வசனம் பின்னாடி அடிபட்டுப் போயிடும், வித்தியாசமா இருக்கிற எதிரொலி, கூட்டச் சத்தம் மட்டும் வரும். செலவு வெறும் வயர் காசு.

ஆனா எச்சரிக்கை. ஆம்ப்ப ஆஃப் பண்ணி, பிளக்க புடுங்கி, ஸ்பீக்கர் எல்லாத்தயும் கழட்டிட்டு, ரெண்டு கருப்பு டெர்மினலுக்கும் நடுவுல மீட்டர்ல பீப் வருதான்னு பாருங்க. வரலன்னா செய்யவே கூடாது. இப்ப ஆன்லைன்ல வர்ற கிளாஸ் டி ஆம்ப் போர்டு நெறைய பிரிட்ஜ் டைப், அதாவது ரெண்டு கருப்பும் உள்ள ஒண்ணா சேந்திருக்காது, அதுல இந்த கனெக்ஷன் வேணாம்.

கிருஷ்ணகிரி லண்டன்பேட்டை: யூஎஸ்பி வச்ச 5.1 போர்டு மலிவா கெடைக்குதே?

பதில்: நெறைய போர்டுல டால்பி டீகோடரே (படத்துல இருக்கிற 5.1 சத்தத்த பிரிச்செடுக்குற சிப்) இருக்காது சார், ஸ்டீரியோவ ஆறா பிரிச்சு விடும், அவ்ளோதான். டிவில இருந்து சத்தம் எடுக்க ஆப்டிகலோ எச்டிஎம்ஐ ஏஆர்சியோ இருக்கா, டீகோடர் இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க.

காவேரிப்பட்டணம் மருமகள்: மாமனார் மைக்செட் வச்சிருந்தவர் ண்ணா, நாலு ஹார்ன் சும்மா இருக்கு, சரவுண்டுக்கு ஆகுமான்னு கேக்கச் சொன்னாரு.

பதில்: பேஸே வராதும்மா, பாதிக்கு மைக்செட் ஆம்ப்புக்குன்னே வர்ற 100 வோல்ட் லைன் டிரான்ஸ்பார்மர் வேற இருக்கும், வீட்டு ஆம்ப்புக்கு ஒத்து வராது. கோயில் பண்டிகைக்கு வச்சுக்கச் சொல்லு.

காரிமங்கலம்: வயர் என்ன போடலாம், எவ்ளோ உயரம்?

பதில்: வீட்டு வயரிங்குக்கு போடுற 1 ஸ்கொயர் எம்எம் காப்பர், 8 ஓமுக்கு 10 மீட்டர் வரைக்கும் தாராளம். பின் பொட்டி உக்காந்தா காதுக்கு கொஞ்சம் மேல, பக்கவாட்டுல சற்றே பின்னாடி தள்ளி. சோபா செவுத்த ஒட்டி இருந்தா ரெண்டு பக்கச் செவுத்துல மாட்டுங்க.

மத்தூர்: எல்லாம் போட்டாச்சு ண்ணா, பின்னாடி சத்தமே வரல.

பதில்: டிவி செட்டிங்ஸ்ல டிஜிட்டல் ஆடியோ பிசிஎம்னு இருக்கும், ஆப்டிகல்ல அது ரெண்டு சேனல்தான் அனுப்பும். பிட்ஸ்ட்ரீமோ டால்பி டிஜிட்டலோ மாத்திட்டு 5.1-ன்னு போட்ட படமா ஒண்ண ஓட்டிப் பாருங்க. அப்பவும் வரலன்னா ரிசீவர்ல டெஸ்ட் டோன் (ஒவ்வொரு பொட்டிக்கா சத்தம் விட்டுப் பாக்குறது) விடுங்க, அதுலயும் வரலன்னா வயர்தான்.