குரூப்ல யார் யார் இருக்காங்க? – கேள்வி பதில்

ஜபல்பூரில் பயிற்சி முடித்து, 22 வருஷம் ராணுவ சிக்னல்ஸ் பிரிவில் வயர்லெஸ் செட்டோடு குடித்தனம் நடத்தியவன் நான். இப்போது பாபநாசம் பக்கம் பத்து மா நிலத்தில் சம்பா பார்க்கிறேன். அமெரிக்க மந்திரிகள் சிக்னல் செயலியில் போர்த் தகவலைக் கொட்டிய கதை பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். (அந்தச் செயலிக்கும் எங்கள் சிக்னல்ஸுக்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான்!)

கும்பகோணம்: ஐயா, என்னதான் நடந்துச்சு?

2025 மார்ச்சில் ஏமனில் ஹவுதிகள் என்ற ஆயுதக் குழு மேல் குண்டு போட அமெரிக்கா முடிவு செய்தது. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ஸ், துணை அதிபர், பாதுகாப்பு அமைச்சர், சிஐஏ தலைவர் எல்லாரையும் சேர்த்து சிக்னலில் ஒரு குரூப் தொடங்கினார். கூடவே ‘தி அட்லாண்டிக்’ பத்திரிகை ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பர்க்கும் உள்ளே வந்துவிட்டார். மார்ச் 15 காலை 11:44-க்குப் பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத் டைம்டேபிளே போட்டார்: 12:15-க்கு எஃப்-18 விமானங்கள் கிளம்பும், 1:45-க்கு முதல் தாக்குதல், 2:15-க்கு ட்ரோன். ரகசியம் எதுவும் கசியவில்லை என்று ஒரு வரி வேறு! கோல்ட்பர்க் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் காருக்குள் உட்கார்ந்தபடி 1:55 வாக்கில் போனைத் தடவினார். ஏமன் தலைநகர் சனாவில் வெடிச்சத்தம் என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. குரூப் நிஜம்தான் என்பது அவருக்கே அப்போதுதான் உறுதியானது.

திருவாரூர், கல்லூரி மாணவர்: சார், சிக்னலை யாரும் உடைக்க முடியாதுன்னு சொல்றாங்களே?

உடைக்கவில்லையே தம்பி. பூட்டு நல்ல பூட்டுதான். திருடனுக்கு நீயே கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, காபியும் கொடுத்தால் பூட்டு என்ன செய்யும்? வழியில் ஒட்டுக்கேட்பவனிடமிருந்துதான் அந்தச் செயலி காப்பாற்றும்.

எங்கள் வேலையில் நெட் (பல வயர்லெஸ் ஸ்டேஷன்கள் சேர்ந்து பேசும் இணைப்பு) திறந்ததும் கன்ட்ரோல் ஸ்டேஷன் முதலில் செய்வது, ஒவ்வொரு ஸ்டேஷனையும் கால் சைன் என்ற அடையாளப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான். பதில் வர வேண்டும். குரல் புதுசாக இருந்தால் அன்றைய சங்கேதத்தைக் கேட்போம். தப்பாகச் சொன்னால் அத்தோடு பேச்சு முடிந்தது. கீழ்மட்டப் பதவியில் இருக்கிற லான்ஸ் நாயக் கூட இதை விட மாட்டான். அந்தக் குரூப்பில் ஏறக்குறைய 18 பேர். ‘ஜேஜி’ என்று (கோல்ட்பர்க் பெயரின் முதலெழுத்துகள்) ஒருத்தர் பேசாமலே உட்கார்ந்திருக்கிறாரே, யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. என்னால் ஜீரணிக்க முடியாதது இதுதான்.

மன்னார்குடி: பத்திரிகைக்காரர் நம்பர் எப்படிண்ணே உள்ள போச்சு?

கார்டியன் பத்திரிகை எழுதியபடி, கோல்ட்பர்க் அனுப்பிய மின்னஞ்சலை ஓர் உதவியாளர் அப்படியே நகலெடுத்து வால்ஸுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியிருக்கிறார். அடியில் கோல்ட்பர்க் நம்பர் இருந்திருக்கிறது. இது அந்த உதவியாளரின் நம்பரோ என்று ஐபோன் யோசனை சொல்ல, உதவியாளர் பெயரிலேயே கோல்ட்பர்க் நம்பர் பதிவாகிவிட்டது. உதவியாளரைக் குரூப்பில் சேர்க்கப் போய் கோல்ட்பர்க் வந்துவிட்டார்.

சிரிக்காதீர்கள். போன அறுவடைக்கு எங்கள் தெருவில் ஒரு குரூப் போட்டோம், கதிர் அறுக்கும் மெஷினுக்கு மணிக்கு என்ன வாடகை வரைக்கும் போகலாம் என்று நமக்குள் பேசிக்கொள்ள. மெஷின்காரர் நம்பர் என் போனில் ‘மோட்டார் மெக்கானிக்’ என்று இருந்தது. சேர்த்தவன் நான்தான். மறுநாள் வரப்பில் நின்றுகொண்டு, “சார், நீங்க பேசிவெச்ச உச்ச ரேட்டே எனக்குச் சம்மதம்” என்றார். எனக்கு நஷ்டம் சில நூறு ரூபாய்.

பட்டுக்கோட்டை: வெறும் நேரத்தைத்தானே போட்டாரு?

நேரம்தான் உயிர். ஹவுதிகளிடம் விமான எதிர்ப்பு ஏவுகணை உண்டு, அமெரிக்காவின் எம்க்யூ-9 ட்ரோன்களைப் பலமுறை வீழ்த்தியவர்கள். விமானம் கிளம்ப அரை மணி இருக்கும்போதே சேதி கிடைத்தால் ஆளும் இடம் மாறும், ஏவுகணையும் தயாராகும். அந்தத் தகவல் வந்த ராணுவ மின்னஞ்சலில் ‘ரகசியம், வெளிநாட்டவருக்குக் கூடாது’ என்றே முத்திரை இருந்ததாகப் பென்டகனின் கண்காணிப்புத் தலைவர் 2025 டிசம்பர் அறிக்கையில் சொல்லிவிட்டார். மனைவி, தம்பி, வக்கீல் இருந்த இன்னொரு குரூப்பிலும் ஹெக்செத் இதே மாதிரி போட்டதாகச் செய்தி வந்தது.

திருத்துறைப்பூண்டி: தண்டனை?

வால்ஸ் மே மாதம் பதவியை விட்டார்; ஐ.நா. தூதராக அனுப்பினார்கள். ஹெக்செத் நாற்காலி ஆடவில்லை. ஜாக் டெஷேரா என்ற விமானப்படைப் பையன் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் ரகசிய ஆவணங்களைப் போட்டதற்கு 2024-இல் 15 வருஷம் சிறை. அவன் தெரிந்தே செய்தான், இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் சிப்பாயாக இருந்தவனுக்கு வயிறு எரியத்தான் செய்கிறது.

தஞ்சாவூர், ஓர் அம்மா: தம்பி, என் மகன் ராணுவத்துல இருக்கான். குடும்பக் குரூப்ல பேசலாமா?

சாப்பிட்டானா, தூங்கினானா, தாராளமாகப் பேசுங்கம்மா. எந்த ஊர், என்றைக்கு யூனிட் நகர்கிறது, எந்த ரயில், இது மூன்றும் வேண்டாம். 2020-இல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி நம் ராணுவமே உத்தரவு போட்டது. நம்ம தஞ்சாவூர் விமானதளத்தில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய் போர் விமானப் படைப்பிரிவு இருக்கிறது. அது கிளம்புவதை மாடியிலிருந்து ரீல்ஸ் எடுக்கிற பேரப்பிள்ளைகளையும் கொஞ்சம் கண்டியுங்கள். லீவில் வருகிறவனின் டிக்கெட்டைப் பெரியப்பா ஸ்டேட்டஸில் வைத்திருந்தால், இப்போதே போன் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.