என்கவுன்டர் கதையில் "சுட்டது யார்" என்பது சஸ்பென்ஸே இல்லை

ஒரு வாசகரின் கேள்வி: "கோர்ட் த்ரில்லர் எழுதுகிறேன். பாலியல் கொலை வழக்கில் பிடிபட்டவனை இன்ஸ்பெக்டர் என்கவுன்டரில் சுடுகிறார், ஊரே கொண்டாடுகிறது. இறந்தவனின் அம்மாவுக்காக வாதாடும் ஹீரோ அது போலி என்று நிரூபிக்க வேண்டும். சட்டப்படி எப்படி நடக்கும்?"

முதல் சிக்கலே ஹீரோதான். செஷன்ஸ் கோர்ட்டில் கொலை வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர். அம்மாவின் வக்கீல் அவருக்கு உதவலாம், சாட்சி விசாரணை முடிந்தபின் கோர்ட் அனுமதித்தால் எழுத்துப்பூர்வமாக வாதம் தரலாம், அவ்வளவுதான். அதனால் ஹீரோவைச் சிறப்பு அரசு வழக்கறிஞர் ஆக்கிவிடுங்கள்; குறைந்தது 10 வருட பிராக்டிஸ் வேண்டும், நேற்று கோட்டு மாட்டிய பையன் சரிப்படமாட்டான். அப்புறம் மரச் சுத்தியல், ஜூரி, கீதை மேல் சத்தியம், மூன்றையும் தூக்கிவிடுங்கள், நம் கோர்ட்டில் கிடையாது.

சரி, விசாரிப்பது யார்? 2014-இல் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்படி எப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும், சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையத்தின் குழு விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் உண்டு. ஊர் மாலை போடலாம், ஆனால் கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக் கூடாது.

இதில் இன்ஸ்பெக்டர் "நான் சுடவில்லை" என்று சொல்லவே மாட்டார். "சுட்டேன், தற்காப்புக்காக" என்பார், அப்படிச் சொன்னதும் தற்காப்பைக் காட்டும் பொறுப்பு அவர் தலையில் விழும், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கலாம் என்று நீதிபதிக்குத் தோன்றினாலே அவருக்குப் போதும். உங்கள் கதை முழுக்க, சுட்ட அந்தச் சில விநாடிகளுக்குள்தான் இருக்கிறது.

அதைத் திறக்கும் சாவி பிரேதப் பரிசோதனை அறிக்கை. ஓடியவனைத் தூரத்திலிருந்து சுட்டதாகப் போலீஸ் சொல்லும்போது, குண்டு நுழைந்த துளையைச் சுற்றித் தோல் கருத்து, வெடிமருந்துத் துகள் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தால் சுட்டது கிட்டத்திலிருந்து. மணிக்கட்டில் கைவிலங்குத் தடம் இருக்கிறதா, அவன் பறித்ததாகச் சொல்லும் துப்பாக்கியில் அவன் கைரேகை இருக்கிறதா, இதையெல்லாம் டாக்டரும் தடயவியல் நிபுணரும் நிதானமாகச் சொல்லட்டும், கத்தலே வேண்டாம். குறுக்கு விசாரணை ஆசை இருந்தால் கூடப் போன கான்ஸ்டபிளைப் பிறழ் சாட்சியாக்குங்கள், அதாவது முதலில் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லட்டும். கோர்ட் அனுமதியோடு ஹீரோ தன் சாட்சியையே மடக்கலாம்.

ஊர் கொண்டாடுவது கற்பனையல்ல. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் கைதான நால்வர் சுடப்பட்டபோது போலீஸ் மேல் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷன், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றும், இறந்தவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொல்லி, 10 போலீசார் மேல் கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. அறிக்கை வெளியானது 2022-இல். கமிஷன் அறிக்கை தீர்ப்பாகாது. அதைக் கிளைமாக்ஸ் ஆக்கிவிடாதீர்கள், இடைவேளைக்கு வைக்கலாம்.

ஒரு காட்சி இலவசம். போலீஸ் கைத்துப்பாக்கியை உடுப்போடு சேர்த்துக் கட்டும் கயிறு உண்டு. கான்ஸ்டபிள் கூண்டில் நிற்கும்போது ஹீரோ அந்தக் கயிற்றைக் கையில் கொடுத்து, "அவன் துப்பாக்கியைப் பறித்தபோது இது எங்கே இருந்தது?" என்று மட்டும் கேட்கட்டும்.