தீம் பார்க்கில் எதில் ஏறலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: என் வயது 63. தஞ்சாவூரில் வசிக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தொடர்கின்றன. கழுத்து எலும்புத் தேய்மானம் உண்டு. சென்ற ஆண்டு படுக்கையில் புரண்டாலே தலைசுற்றி, சிகிச்சைக்குப் பின் சரியானது. ஜூன் மாதம் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போகிறேன். ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டுக்கு எல்லோருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். அப்போது மகளுக்கு ஐந்தாம் மாதம். பேரனுக்கு 5 வயது. 'இவ்வளவு பணம் கட்டிவிட்டு எதிலும் ஏறாமல் உட்கார்ந்திருப்பீர்களா அத்தை?' என்கிறார் மாப்பிள்ளை. அவருக்குச் சிறுநீரகக் கல் இருக்கிறது. ரோலர் கோஸ்டரில் ஏறினால் கல் விழுந்துவிடும் என்றும் சொல்கிறார். நாங்கள் எதில் ஏறலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: அம்மா, டிக்கெட்டுக்குக் கட்டிய பணத்தை ஈடுகட்ட உடம்பைப் பணயம் வைக்கக் கூடாது. வரிசையில் நிற்கவே நேரம் போய்விடும் இடம் அது. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களும் ஒரே நாளில் எல்லாவற்றிலும் ஏறிவிட முடியாது. எல்லோரும் எதையாவது விட்டுவிட்டுத்தான் திரும்புகிறார்கள். நீங்கள் விடுவதைக் காரணம் தெரிந்து விடப்போகிறீர்கள், அவ்வளவுதான்.

பொதுவாக உயரத்தையும் கூச்சலையும் பார்த்துத்தான் மக்கள் முடிவு செய்கிறார்கள். பயமாக இருந்தால் ஆபத்து, குழந்தைகள் ஏறினால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். இந்தக் கணக்கு தவறு. அந்த வண்டி உங்கள் தலையையும் கழுத்தையும் என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வெடுக்கென்று திருப்புகிறதா, ஒரே இடத்தில் சுழற்றுகிறதா, திடீரென்று கீழே விடுகிறதா என்று கேளுங்கள். 'மேட் டீ பார்ட்டி' என்று தேநீர்க் கோப்பைகள் சுழலும் ராட்டினம் ஒன்று அங்கே இருக்கிறது. சின்னக் குழந்தைகள் சிரித்துக்கொண்டே ஏறுவார்கள். உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். படுக்கையில் புரண்டால் வரும் தலைசுற்றல், உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறுவதால் வருவது. ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வருவது சகஜம். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு கோப்பைக்குள் சுழன்றால், அன்றைய பொழுது முழுவதும் பெஞ்சில் கண்ணை மூடிப் படுத்திருக்க நேரிடலாம்.

இனி ஸ்டென்ட். ரோலர் கோஸ்டரில் ஏறுகிறவரின் இதயம் என்ன பாடுபடுகிறது என்பதை ஜெர்மனி மருத்துவர்கள் ஆரோக்கியமான 55 பேரை வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். ஏறும் முன் நிமிடத்துக்கு 90 அளவில் இருந்த சராசரி இதயத்துடிப்பு, ஓட்டத்தின்போது 150-ஐத் தாண்டியது. இத்தனைக்கும் அவர்கள் உட்கார்ந்துதான் இருந்தார்கள். அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் செய்த வேலை இது. ரத்த அழுத்தமும் கூடவே ஏறும். அடைப்பு இருந்த இதயத்துக்கு இப்படி ஒரு சோதனை தேவையில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திய வரி ஸ்டென்ட் பற்றியது அல்ல. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் சேர்ந்து போகின்றன என்பதுதான். வயது கூடக் கூட மூளை சற்றுச் சுருங்குகிறது. காய்ந்த தேங்காயில் பருப்பு ஓட்டை விட்டு விலகி ஆடுவதுபோல, மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியைக் கடந்து போகும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. தலை எதிலும் மோத வேண்டும் என்பதில்லை. பலமாகக் குலுங்கினாலே ஒரு சிரை கிழியலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்தக் கசிவு எளிதில் நிற்காது. நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், துளித்துளியாகச் சேர்ந்து மூளையை அழுத்தும். ரோலர் கோஸ்டரில் ஏறி இறங்கியவர்களுக்கு இப்படி நேர்ந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. கழுத்து வழியாக மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களும் உண்டு. இவை அரிதானவைதான். எத்தனையோ கோடிப் பேர் ஏறி, சிரித்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஆனால் வயது, ரத்த மாத்திரை, கழுத்துத் தேய்மானம், ரத்த அழுத்தம் என நான்கும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும்போது அந்த அரிதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். அதற்காக யாராவது, 'ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு ஏறுங்கள்' என்று சொன்னால் கேட்காதீர்கள். அது இதைவிடப் பெரிய ஆபத்து. குளோபிடோக்ரெல் இன்னும் தேவையா என்பதை உங்கள் இதய மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே கீழே சொல்பவற்றை அடியோடு விட்டுவிடுங்கள். 1975 முதல் ஓடும் 'ஸ்பேஸ் மவுன்டன்' என்ற ரோலர் கோஸ்டர் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான் போகிறது. நம் ஊர் டவுன் பஸ்ஸின் வேகம். ஆனால் அது இருட்டுக்குள் ஓடுகிறது. வளைவு வருவது கண்ணுக்குத் தெரிந்தால் கழுத்துத் தசைகள் முன்கூட்டியே இறுகிக்கொள்ளும். இருட்டில் அந்தத் தற்காப்பு வேலை செய்யாது. தேய்ந்த கழுத்து நேரடியாக அடி வாங்கும். 2023-ல் திறந்த 'ட்ரான்' வண்டியில் மோட்டார் சைக்கிளில் கவிழ்ந்து படுப்பதுபோல முன்னால் சாய்ந்து, முகத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். கழுத்துவலிக்காரர்களுக்கு இதைவிட மோசமான நிலை கிடையாது. 'டவர் ஆஃப் டெரர்' லிஃப்ட்டோடு திடீரென்று கீழே விடுவது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி குறைந்திருக்கும் பெண்களின் முதுகெலும்புக்கு ஏற்றதல்ல. 2022-ல் வந்த 'காஸ்மிக் ரீவைண்ட்' பின்னோக்கிப் பாய்ந்து, ஓடும்போதே பெட்டியையும் திருப்பும். தலைசுற்றல் வந்த காது உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களில் ஒன்றான எப்காட்டில் உள்ள 'மிஷன்: ஸ்பேஸ்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராக்கெட்டில் கிளம்பும் உணர்வைத் தருவதற்காக, மூடிய அறைக்குள் மனிதர்களை உட்காரவைத்து வட்டமாகச் சுழற்றுகிற இயந்திரம் அது. உடல் எடை இரண்டு மடங்குக்கு மேல் கூடியதுபோல நெஞ்சை அழுத்தும். 2003-ல் திறந்தார்கள். 2005-ல் 4 வயதுச் சிறுவன் ஒருவனும், 2006-ல் ஜெர்மனியிலிருந்து வந்த 49 வயதுப் பெண் ஒருவரும் அதில் ஏறிய பின் இறந்துபோனார்கள். இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை. சிறுவனுக்கு அதுவரை யாருக்கும் தெரியாத இதயத் தசை நோய் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு நீண்டகால உயர் ரத்த அழுத்தம். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. 2006-ல் சுழலாத இன்னொரு வகையையும் கொண்டுவந்தார்கள். இப்போது ஆரஞ்சு என்றால் சுழலும். பச்சை என்றால் சுழலாது. வாசலில் எந்த நிறம் என்று கேட்பார்கள். உங்களுக்கு இரண்டுமே வேண்டாம். சுழலாவிட்டாலும் திரை ஒன்று காட்ட, காது வேறொன்று உணர, குமட்டல் வரும்.

இப்படிப்பட்ட வண்டிகளின் வாசலில் ஓர் எச்சரிக்கைப் பலகை இருக்கும். உயர் ரத்த அழுத்தம், இதயம், முதுகு, கழுத்துக் கோளாறு, பயணக் குமட்டல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். வழக்கு வராமலிருக்க எழுதிவைத்தது என்று பலர் அதைக் கடந்து போகிறார்கள். தயவுசெய்து நின்று படியுங்கள். அந்தப் பலகை உங்களையும் உங்கள் மகளையும் பற்றித்தான் பேசுகிறது.

மகளுக்கு நான் சொல்வது: குலுங்குவது, திடீரென்று நிற்பது, விழுவது எதுவும் கூடாது. ஐந்தாம் மாதத்தில் கருப்பை வயிற்றுக்குள் மேலேறி வந்துவிடும். மடியை இறுக்கும் கம்பி நேராக அதன்மேல் அழுந்தும். வேகமாகப் போய்ச் சட்டென்று நிற்கும்போது நச்சுக்கொடி கருப்பைச் சுவரை விட்டுப் பிரியும் அபாயம் உண்டு. கார் விபத்துகளில் மருத்துவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். ராட்டினத்தில் எவ்வளவு வேகம் பாதுகாப்பு என்று கர்ப்பிணிகளை ஏற்றிச் சோதித்துப் பார்க்க முடியாது. அதனால் முழுவதுமாகத் தவிர்ப்பதே சரி. விலங்குகளைக் காட்டும் 'கிளிமஞ்சாரோ சஃபாரி' லாரியும் மேடுபள்ளத்தில் தூக்கிப்போடும். அதையும் இருவரும் விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எதில்தான் ஏறுவது? நிறைய இருக்கிறது அம்மா. இளைஞர்கள் 'போர்' என்று விட்டுவிட்டுப் போகும் இடங்கள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. எப்காட்டில் 'லிவிங் வித் தி லேண்ட்' என்ற படகுப் பயணம் கால் மணி நேரம் மெதுவாகப் போகும். கடைசியில் கண்ணாடிக் கூடங்களுக்குள் நுழையும். மண்ணே இல்லாமல் வேர்கள் தண்ணீரில் நனைய, தக்காளியும் வெள்ளரியும் தலைக்கு மேல் கொடியில் காய்த்துத் தொங்கும். அங்கே விளைவதைப் பூங்காவின் உணவகங்களில் சமைக்கிறார்கள். தஞ்சாவூர்க்காரரான நீங்கள் இதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்த 'கேரசல் ஆஃப் ப்ராக்ரஸ்' என்ற காட்சியில், குளிர்சாதன அரங்கத்தில் நாற்காலியோடு மெல்ல நகர்ந்து, ஓர் அமெரிக்கக் குடும்பத்துக்கு மின்சாரம் வந்து வாழ்க்கை மாறிய கதையைப் பார்க்கலாம். அதே கண்காட்சியில் பிறந்ததுதான் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' படகும். நீங்கள் இருவரும் பேரனை நடுவில் உட்காரவைத்துப் போகலாம். படகில் கால் வைக்கும்போது மட்டும் யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று பராமரிப்புக்காக மூடியிருக்கலாம். கிளம்பும் முன் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேரனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 'ஸ்பேஸ் மவுன்டன்' ஏற 112 செ.மீ. உயரம் வேண்டும் என்று வாசலில் கோல் வைத்து அளப்பார்கள். குழந்தைக்குத் தைரியம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அல்ல அந்த அளவு; தடுப்புக் கம்பி அந்த உடலைச் சரியாகப் பிடிக்குமா என்று பார்ப்பதற்கு. காலணிக்குள் எதையாவது திணித்து உயரம் கூட்டும் வேலை வேண்டாம். உயரம் இருந்தும் அவன் மாட்டேன் என்று அழுதால், 'ஆம்பளைப் பிள்ளை அழலாமா' என்று யாரும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. அதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பயந்த குழந்தையை வற்புறுத்தி ஏற்றுவது கொடுமை.

மாப்பிள்ளை சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. 2016-ல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் சிலிக்கானில் சிறுநீரக மாதிரி செய்து, அதற்குள் உண்மையான கற்களைப் போட்டு, பையில் வைத்து இதே டிஸ்னி வேர்ல்டின் 'பிக் தண்டர் மவுன்டன்' ரோலர் கோஸ்டரில் 20 முறை ஓட்டிப் பார்த்தார்கள். பின் இருக்கையில் 64 சதவீதமும் முன் இருக்கையில் 17 சதவீதமும் கல் நகர்ந்து வெளியே வந்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் 2018-ல் இதற்குக் கிடைத்தது. ஆனால் அவை சின்னக் கற்கள். மாதிரிக்கு வலியும் தெரியாது. பெரிய கல் நகர்ந்து சிறுநீர்க் குழாயில் சிக்கினால், ஊர் தெரியாத இடத்தில் துடித்துப்போவார். ஸ்கேனில் கல் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, சிறுநீரக மருத்துவரைக் கேட்ட பிறகு அவர் விருப்பம்போல ஏறட்டும். அன்றைக்கு அவருக்கு ராட்டினத்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம்.

தண்ணீர் என்றதும் உங்களிடமும் வருகிறேன். ராட்டினங்களைத் தவிர்த்துவிட்டாலே ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஜூன் மாதம் அங்கே மதியம் 32, 33 டிகிரி வெயில். காற்றில் ஈரம் வேறு. காலை முதல் இரவு வரை பல கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். வியர்த்துக் கொட்டும்போது ரத்த அழுத்த மாத்திரை, குறிப்பாகச் சிறுநீரைக் கூட்டும் வகை, உங்களை மயங்கி விழவைக்கலாம். உங்கள் மாத்திரையில் அந்த வகை இருக்கிறதா, வெயில் நாட்களில் அளவை மாற்ற வேண்டுமா என்று புறப்படும் முன் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். காலையில் சீக்கிரம் போய், மதியம் அறைக்குத் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்கி, வெயில் தாழ்ந்ததும் மறுபடி போகலாம். உணவுக் கடைகளில் கேட்டால் குளிர்ந்த தண்ணீர் இலவசமாகத் தருவார்கள். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாளை காலையிலிருந்தே தினமும் அரை மணி நேரம் நடக்கத் தொடங்குங்கள். மெல்லக் கூட்டி, கிளம்பும் முன் ஒரு மணி நேரம் நடக்கும் நிலைக்கு வாருங்கள். நடக்கையில் நெஞ்சில் இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ வந்தால், விமானம் ஏறும் முன்பே இதய மருத்துவரைப் பாருங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது ஸ்டென்ட் வைத்ததை மறைக்காமல் எழுதி, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பொருந்தும் பாலிசியாகக் கேளுங்கள். மாத்திரைகளும் மருத்துவர் எழுதிய சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள். குமட்டலுக்கான மாத்திரைகள் தூக்கம் தரும், தடுமாறவைக்கும். அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று போட்டுக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவு சொல்லியும் ஏதோ ஒரு வண்டியில் ஏறிக் குலுங்கிவிட்டீர்கள் என்றால், அடுத்த சில வாரங்களுக்குக் கவனமாக இருங்கள். புதிதாகத் தலைவலி, ஒரு பக்கக் கழுத்தில் கடும் வலி, காரணமில்லாத தூக்கக் கலக்கம், நடையில் தள்ளாட்டம் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய், ராட்டினத்தில் ஏறியதையும் ரத்த மாத்திரை சாப்பிடுவதையும் முதலில் சொல்லுங்கள். பேச்சுக் குழறினாலோ கை கால் தளர்ந்தாலோ நெஞ்சு வலித்தாலோ வீட்டில் ஆலோசித்துக்கொண்டிருக்காமல் அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.