யுரேனியம்–கார்பன் இரட்டைப் பிணைப்பு: கேள்விகளுக்குப் பதில்

ஆக்டினைடு (யுரேனியம், தோரியம் அடங்கிய கன உலோக வரிசை)–கார்பன் பலபிணைப்பு, அதாவது இரட்டை, முப்பிணைப்பு பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

யுரேனியம் ஆக்சிஜனோடு சுலபமாகப் பலபிணைப்பு போடுகிறதே, கார்பனோடு மட்டும் ஏன் இவ்வளவு பாடு?

யுரேனைல் அயனியில் (ஒரு யுரேனியம், இருபுறமும் ஆக்சிஜன்) யுரேனியம்–ஆக்சிஜன் பிணைப்பு நீளம் சுமார் 1.78 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு; நீளம் குறைந்தால் பிணைப்பு வலு), தண்ணீரில் போட்டாலும் அசையாது. கார்பனோடு சேர்ந்தால் கதை வேறு. எலக்ட்ரான் பெரும்பாலும் கார்பன் பக்கமே குவிகிறது. ஆக்சிஜன் அந்தச் சுமையைத் தாங்கும், கார்பன் தாங்காது. எங்கே ஒரு புரோட்டான் கிடைக்கும் என்று அலையும், தன் பக்கத்து லிகண்டிலிருந்தே (உலோகத்தோடு ஒட்டியிருக்கும் மூலக்கூறு) பிடுங்கிக்கொண்டாலும் ஆச்சரியமில்லை.

டாண்டலம் உலோகத்தில் வேதியியலாளர் ஷ்ராக் 1974-இல் செய்த மாதிரி, ஆல்ஃபா ஹைட்ரஜனை (உலோகத்தோடு பிணைந்த கார்பனில் உள்ள ஹைட்ரஜன்) விலக்கினால் ஆகாதா?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். யுரேனியம் அதற்கு அவ்வளவாக ஒத்துழைப்பதில்லை, ஹைட்ரஜன் பல நேரம் வேறு கார்பனிலிருந்து போய்விடுகிறது. அதனால் கார்பனுக்குப் பாஸ்பரஸை ஊன்றுகோலாகக் கொடுக்கிறோம். 1981-இல் கில்ஜே குழு செய்த முதல் சேர்மமே அப்படித்தான்: மூன்று சைக்ளோபென்டாடையீனைல் (ஐந்து கார்பன் வளையம்), ஒரு பாஸ்பரஸ் இலைடு (எதிர்மின் கார்பனும் நேர்மின் பாஸ்பரஸும் ஒட்டியது), யுரேனியம்–கார்பன் 2.29 ஆங்ஸ்ட்ராம் (சாதாரண ஒற்றைப் பிணைப்பு 2.4-க்கு மேல் போகும்). இன்னொரு வழி, இரண்டு பாஸ்பரஸ்களுக்கு நடுவே உள்ள CH2-இன் இரண்டு புரோட்டான்களையும் வலுவான காரத்தால் எடுத்துவிட்டு, பச்சை நிற யுரேனியம் டெட்ராகுளோரைடோடு சேர்ப்பது. லித்தியம் குளோரைடு உப்பாகப் பிரியும். சொல்ல சுலபம், க்ளவ் பாக்ஸில் (காற்றும் ஈரமும் புகாத பெட்டி) கொஞ்சம் ஈரம் புகுந்தால் போச்சு.

பாஸ்பரஸ் தாங்கிப் பிடித்தால் அது நிஜ இரட்டைப் பிணைப்பா சார்?

நியாயமான சந்தேகம், எனக்கும் உண்டு. எதிர்மின் சுமையில் ஒரு பகுதியைப் பாஸ்பரஸ் வாங்கிக்கொள்கிறது, கோடு இரண்டு போடலாமா என்பது வரைபவர் மனசு. அதனால்தான் 2018-இல் C80 கூண்டுக்குள் (80 கார்பன் அணுக்களாலான பந்து) பிடிபட்ட U2C எனக்குப் பிடிக்கும்: இரண்டு யுரேனியத்துக்கு நடுவே ஒரே கார்பன், பாஸ்பரஸே இல்லை, நீளம் சுமார் 2.03 ஆங்ஸ்ட்ராம்.

முப்பிணைப்பு?

வர்ஜீனியாவில் ஆண்ட்ரூஸ் குழு 2007-இல் காட்டியது. லேசரால் ஆவியாக்கிய யுரேனிய அணுக்களை ஃப்ளூரோஃபார்மோடு (CHF3 வாயு) சேர்த்து, உறைந்த ஆர்கானில் பிடித்தார்கள். அகச்சிவப்பு நிறமாலையும் கணக்கீடும்தான் சாட்சி. குப்பியில் எடுத்து வைக்கும் பொருள் இல்லை.

கதிர்வீச்சு பயமில்லையா?

யுரேனியம்-238-இன் அரை ஆயுள் 447 கோடி வருஷம், அவ்வளவு மெதுவாகச் சிதைவதால் கதிர்வீச்சு குறைவு. தூளை மூச்சில் இழுக்காமல் இருந்தால் சரி.

தோரியம் சுலபமா?

பார்ப்பதற்குச் சுலபம். தோரியம்(IV)-இல் (நான்கு எலக்ட்ரானை இழந்த தோரியம்) f எலக்ட்ரானே (f என்ற உள் கூட்டின் எலக்ட்ரான்) கிடையாது, அதனால் கார்பன்-13 என்எம்ஆரில் (காந்தப்புலத்தில் கார்பன் அணுக்களை அடையாளம் காணும் முறை) உலோகத்தோடு பலபிணைப்பு போட்ட கார்பன் தெளிவாகத் தெரியும். யுரேனியம்(IV)-இல் அப்படி இரண்டு இருக்கின்றன, அவற்றின் காந்தத்தன்மை குறுக்கிடும். சிக்னல் எங்கோ ஓடிப்போகும், பல நேரம் தெரியவே தெரியாது, அப்புறம் எக்ஸ்-கதிரில் அமைப்பைப் பார்க்க ஒரு படிகம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.