வீடியோ ஆலோசனையும் நோயாளிப் பதிவேடும்: கேள்வி பதில்

வீடியோ ஆலோசனையை மருத்துவமனை மென்பொருளோடு இணைப்பது பற்றி மட்டும் கேளுங்கள். நோய், மருந்து பற்றிய கேள்விகளை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கே (கிளினிக் நிர்வாகி): வணக்கம் சார். எங்களிடம் மூன்று டாக்டர்கள். பதிவேடு ஒரு மென்பொருளில், வீடியோ வேறொரு ஆப்பில். பேசி முடித்த பிறகு குறிப்பு எழுதுகிறார்கள், பாதி விட்டுப்போகிறது. எப்படி இணைப்பது?

ப: வீடியோ லிங்க் பதிவேட்டுக்குள்ளிருந்துதான் உருவாக வேண்டும். அப்பாயின்ட்மென்ட் போட்டதும் மென்பொருளே ஓர் அறையை உருவாக்கட்டும். அறைப் பெயரில் நோயாளி பெயரோ ஓ.பி. எண்ணோ கூடாது; யாராலும் ஊகிக்க முடியாத எழுத்துக்கோவை வேண்டும். டாக்டருக்கு ஒரு டோக்கன் (அறைக்குள் நுழைய விடும் டிஜிட்டல் சாவி), நோயாளிக்கு ஒரு டோக்கன், இரண்டுக்கும் காலாவதி நேரம். நோயாளிக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் லிங்க் போகட்டும். டாக்டருக்கு லிங்க்கே அனுப்பாதீர்கள். நோயாளியின் பக்கத்தைத் திறந்தால்தான் வீடியோ பட்டன் தெரிய வேண்டும். ஒரு பாதியில் முகம், மறு பாதியில் பழைய சீட்டுகளும் குறிப்புப் பெட்டியும் இருந்தால் பேசும்போதே எழுதிவிடுவார்கள்.

நோயாளி காத்திருப்பு அறைக்கு வந்ததும் வீடியோ சர்வர் பதிவேட்டு மென்பொருளுக்கு ஒரு வெப்ஹுக் (தானாகப் போகும் தகவல்) அனுப்பும். மருத்துவப் பதிவுகளைப் பரிமாறும் தரமான ஃபயரின் (FHIR) ஆர்4 பதிப்பை வைத்திருந்தால் என்கவுன்டரின் (ஒரு வருகைக்கான பதிவின்) வகை 'வி.ஆர்.', அதாவது நேரில் அல்லாத வருகை; நிலை 'வந்துவிட்டார்'. டாக்டர் உள்ளே எடுத்ததும் 'நடக்கிறது'. பெரும்பாலோர் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில்தான். கால் கட் ஆனதும் 'முடிந்தது' என்று போட்டுவிடுகிறார்கள். சிக்னல் கிடைத்து நோயாளி திரும்ப வந்தால் புது என்கவுன்டர். ஒரே காலையில் மூன்று வருகை பதிவாகி, முதலாவதில் குறிப்பும் மூன்றாவதில் மருந்தும் கிடக்கும், நடுவில் உள்ளது காலியாக இருக்கும். கட் ஆனதை வெறும் நிகழ்வாகப் பதியுங்கள். டாக்டர் குறிப்பை முடித்து மூடும்போதுதான் என்கவுன்டர் முடிய வேண்டும்.

வீடியோ நின்று ஆடியோவில் தொடர்ந்தால் அந்த நேரத்தையும் பதியுங்கள். 2020 மார்ச் 25 அன்று வந்த இந்திய டெலிமெடிசின் நெறிமுறை மருந்துகளை 'ஓ', 'ஏ', 'பி' என்ற பட்டியல்களாகப் பிரிக்கிறது. அதன்படி, முதல் ஆலோசனையில் 'ஏ' பட்டியல் மருந்து எழுத வீடியோ வேண்டும். ஆடியோ மட்டும் என்றால் 'ஓ' பட்டியலோடு நிறுத்த வேண்டும். 'பி' பட்டியல் தொடர் ஆலோசனைக்கு. அதே டாக்டரை, அதே நோய்க்கு, நேரில் பார்த்து 6 மாதத்துக்குள் இருந்தால்தான் அது தொடர் ஆலோசனை. கடைசி வீடியோ தேதியிலிருந்து 6 மாதம் எண்ணும்படி மென்பொருளை அமைத்துவிடாதீர்கள்.

கே: வாட்ஸ்அப் வீடியோவைப் பதிவேட்டோடு இணைக்கலாமா?

ப: வாட்ஸ்அப்பில் ஆலோசனை தர நெறிமுறையில் தடை இல்லை. ஆனால் கால் எப்போது தொடங்கியது, யார் வந்தார் என்ற தகவல் தானாகப் பதிவேட்டுக்கு வராது. எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டும்.

கே (மென்பொருள் துறை): ஆஸ்பத்திரி வைஃபையில் நன்றாக இருக்கிறது. சில நோயாளிகளின் மொபைல் டேட்டாவில் 'இணைகிறது' என்றே நிற்கிறது.

ப: டர்ன் சர்வர் (நேரடி இணைப்பு அமையாதபோது வீடியோவை இடையில் வாங்கிக் கடத்தும் சர்வர்) இருக்கிறதா என்று பாருங்கள். மொபைல் நிறுவனங்கள் பலருக்கு ஒரே பொது ஐ.பி.யைப் பகிர்ந்து கொடுப்பதால் நேரடி இணைப்பு பல நேரம் அமையாது. அந்த சர்வரில் 3478 யு.டி.பி. போர்ட்டோடு 443 டி.எல்.எஸ். போர்ட்டையும் திறந்து வையுங்கள். வேகம் குறைந்தால் படத்தை 360 வரிக்கு இறக்குங்கள். குரலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கே: ஆபா எண் (ABHA, இந்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) கட்டாயமா சார்? மொபைல் எண்ணை வைத்தே பழைய பதிவைத் தேடிக்கொள்ளலாமே?

ப: ஆபா கட்டாயமில்லை, நோயாளியின் விருப்பம். மொபைல் எண்ணைத் தேடப் பயன்படுத்துங்கள், அடையாளமாக ஒருபோதும் வைக்காதீர்கள். மகன் போனில் அப்பா, அம்மா, மனைவி என நான்கு பேர் வருவார்கள். தேடலில் முதலில் வரும் பெயரைச் சொடுக்கினால் அம்மாவின் சர்க்கரை மாத்திரை மருமகள் பதிவில் ஏறும். கால் தொடங்கியதும் டாக்டர் பெயர், வயது, ஊர் மூன்றையும் கேட்டு, 'உறுதி செய்தேன்' என்று அழுத்தினால்தான் மருந்துப் பெட்டி திறக்க வேண்டும்.

ஆபா இருந்தால் 14 இலக்க எண்ணோடு இந்த வருகையை ஒரு கேர் கான்டெக்ஸ்டாக (ஒரு வருகையின் பதிவுகளைச் சுட்டும் இணைப்பாக) இணைக்கலாம். பதிவு உங்கள் சர்வரிலேயே இருக்கும். நோயாளி ஒப்புதல் கொடுத்தால் மட்டும் மறையாக்கப்பட்டு வெளியே போகும். தவறான ஆளோடு இணைத்தால் அந்தத் தவறு அடுத்த ஆஸ்பத்திரி வரை போகும். மொபைல் எண் விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பது அதனால்தான்.

கே (தோல் மருத்துவர்): முழு வீடியோவையும் ரெக்கார்ட் செய்து பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்கிறேன். நாளைக்கு வழக்கு வந்தால்?

ப: வேண்டாம் டாக்டர். நெறிமுறை கேட்பது தொடர்பு விவரம், நோயாளியின் ஆவணங்கள், மருந்துச் சீட்டு. காணொளியைக் கேட்கவில்லை.

கே (அதே மருத்துவர்): கேட்காவிட்டாலும் அது எனக்குப் பாதுகாப்புதானே?

கே (நுகர்வோர் வழக்கறிஞர்): நானும் அவர் பக்கம்தான். குறிப்பைப் பிறகு மாற்றினார் என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

ப: அதற்குத் தீர்வு, குறிப்பின் திருத்த வரலாறு. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை அழிக்க முடியாதபடி வைத்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும், வக்கீல் சார். வினாடிக்கு 500 கிலோபிட் என்றால் 15 நிமிட வீடியோ சுமார் 56 எம்.பி. இடம் பிரச்சினை இல்லை, பொறுப்புதான் பிரச்சினை. உடம்பைக் காட்டிப் பேசிய ஒரு பெண்ணின் வீடியோவை யார் யார் திறக்கலாம், எத்தனை ஆண்டு வைப்பது, கசிந்தால் என்ன செய்வது? 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டம் வந்த பிறகு இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வைத்திருக்க வேண்டும். ரெக்கார்ட் ஆகிறது என்று தெரிந்தால் நோயாளி பாதியை மறைப்பார், அது சிகிச்சையையே கெடுக்கும்.

டாக்டர், உங்களுக்கு வேண்டியது தழும்பின் படம். வீடியோவிலிருந்து எடுக்காதீர்கள், நிறம் மாறிவிடும். ஒப்புதல் வாங்கி, லிங்க் அனுப்பி, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து ஏற்றச் சொல்லுங்கள். உடலின் எந்த இடம், எந்தத் தேதி என்ற குறிப்போடு அதே என்கவுன்டரில் சேருங்கள்.

கே: வாட்ஸ்அப் காலை ஸ்க்ரீன் ரெக்கார்ட் செய்து ஏற்றினால் இணைத்தது ஆகுமா?

ப: ஆகாது. மேலே இரண்டு பதில்கள் இருக்கின்றன, படியுங்கள்.

கே: எனக்குத் தூக்க மாத்திரை வீடியோவில் எழுதித் தருவார்களா?

ப: உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கே (செவிலியர்): நோயாளி வீட்டு மெஷினில் பார்த்த பி.பி.யைச் சொல்கிறார். எங்கே போடுவது?

ப: நல்ல கேள்வி சிஸ்டர். குறிப்பில் வாக்கியமாக எழுதாதீர்கள், வரைபடத்தில் வராது. தனிப் பெட்டியில், லாயின்க் (LOINC, பரிசோதனை அளவுகளுக்கான பொதுக் குறியீட்டுப் பட்டியல்) குறியீட்டோடு போடுங்கள்: மேல் அளவுக்குக் குறியீடு 8480-6, கீழ் அளவுக்கு 8462-4. கூடவே 'நோயாளி சொன்னது, வீட்டில்' என்ற அடையாளமும், அவர் அளந்த நேரமும் வேண்டும். நீங்கள் பதிந்த நேரத்தைப் போட்டால் காலை அளவு மாலை அளவாகிவிடும்.