மின்சாரம் நின்று கேனிஸ்டர் வடிகட்டி ஓடாமல் கிடந்தால் அதிலுள்ள பாக்டீரியா செத்துவிடுமா?

வீட்டில் காலையிலிருந்து 6 மணி நேரமாக மின்சாரம் இல்லை, மீன்தொட்டிக்கு வெளியே வைத்திருக்கும் மூடிய வடிகட்டியான கேனிஸ்டர் நின்றுகிடக்கிறது, மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடவிடாதீர்கள். முதலில் குழாய்களைக் கழற்றி, கேனிஸ்டரைக் குளியலறைக்குத் தூக்கிச் சென்று, மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மழை நனைத்த மண்ணின் வாசம் வந்தால் பெரும்பாலும் பிழைத்தீர்கள். அழுகிய முட்டையின் நாற்றம் வந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக்கூடாது.

இதை இவ்வளவு அழுத்தமாக எழுதக் காரணம் உண்டு. நான் உயிரியல் படித்தவன் அல்லன்; கணக்கு வழக்குப் பார்ப்பவன். ஆனால் இந்த ஒரு பாடத்துக்கு நான் கட்டிய கட்டணம் அதிகம்.

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பழைய மின்கம்பிகளை மாற்றும் வேலை நடந்தது. தூசி தாங்காது என்று இரண்டு இரவுகள் உட்லண்ட்சில் அக்கா வீட்டில் தங்கினோம். முதல் நாள் வேலை முடித்துப் போகும்போது மின்சாரத்தைத் திரும்பப் போட்டுவிடுவதாகக் குத்தகைக்காரர் சொல்லியிருந்தார், போடவில்லை. மூன்றாம் நாள் காலை நாங்கள் வந்து பார்த்தபோது வீடு இருட்டாகக் கிடந்தது. ஆனால் 4 அடித் தொட்டியில் 28 கார்டினல் டெட்ராக்கள், 6 கோரிடோராஸ், 2 ஏஞ்சல் மீன்கள் என்று எல்லாமே உயிரோடுதான் இருந்தன. நீர்மட்டத்துக்கு அருகில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். நான் நிம்மதியாகச் சுவிட்சைப் போட்டேன். வடிகட்டியின் வாயிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு புகை கிளம்பி, தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்லப் பரவியது. தேங்கிய அழுக்குதான், சற்று நேரத்தில் தெளிந்துவிடும் என்று எண்ணிவிட்டேன். மறுநாள் விடிவதற்குள் ஏஞ்சல் இரண்டும், டெட்ராக்களில் பாதிக்கு மேலும் மிதந்தன. இரண்டு நாள் மின்சாரமின்மை கொல்லாத மீன்களை நான் கொன்றேன்.

நடந்தது என்ன என்று பிறகுதான் படித்துப் புரிந்துகொண்டேன். நமக்கு வேண்டிய பாக்டீரியா, மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை. வடிகட்டிக்குள் அடுக்கிய செராமிக் வளையங்களிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டி வாழ்பவை. பட்டினியை அவை நாள்கணக்கில் தாங்கும். மூச்சுத்திணறினால்தான் வேலையை நிறுத்திவிட்டு, மெல்லச் சாகத் தொடங்கும். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ 4.5 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை; நம் ஊர் வெப்பத்தில், 30 பாகை நீரில், லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரைந்து நிற்காது. காற்றுப்புகாத கேனிஸ்டரில் ஓட்டம் நின்றதும் அந்தக் கொஞ்சமும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் உள்ளே தேங்கிய கழிவை ஆக்சிஜன் வேண்டாத வேறு கிருமிகள் அழுகவைக்கின்றன. அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்கின்றன. நான் சுவிட்சைப் போட்டு அந்தக் கலவையைத்தான் மீன்களின் மேல் ஊற்றினேன். தொட்டிக்குள்ளேயே நிற்கும் ஸ்பாஞ்ச் வடிகட்டிக்கும், தொட்டி விளிம்பில் தொங்கும் திறந்த வடிகட்டிக்கும் இந்த ஆபத்து மிகக் குறைவு.

அடுத்துச் செய்தது இதைவிட முட்டாள்தனம். பதற்றத்தில் வளையங்களைச் சமையலறைக் குழாயடியில் பளபளவென்று கழுவினேன். நம் குழாய்நீரில், அதை வழங்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் சேர்ப்பது குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி; மிஞ்சியிருந்த பாக்டீரியாவுக்கும் அதோடு பாலூற்றியாகிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து மாமா தொலைபேசியில், தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடுமே என்றார். குளோரின் பறக்கும், குளோரமின் அப்படிப் பறக்காது. மருந்து ஊற்றித்தான் முறிக்க வேண்டும், முறித்தாலும் அதிலிருந்து கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும். பாக்டீரியா செத்த தொட்டியில் நீர் மாற்றும்போது, அம்மோனியாவையும் கட்டிப்போடும் மருந்தாகப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்வது இதனால்தான். வளையங்களைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரில் மட்டும் அலசுங்கள்.

"மீன்தானே, வேறு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார் குத்தகைக்காரர். சுவிட்சைப் போட மறந்ததற்கு ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. மீதிப் பணத்தை மட்டும் மறக்காமல் கேட்டார்.

மின்சாரம் அரிதாகவே போகும் ஊரில் இருப்பதால் நாம் இதற்கெல்லாம் தயாராக இருப்பதில்லை. மாமா வீட்டில் பேட்டரி ஏர் பம்ப் எப்போதும் தொட்டியின் பக்கத்திலேயே தொங்கும். நானும் இப்போது ஒன்று வைத்திருக்கிறேன்; கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கிலேயே ஓடும். சென்ற ஆண்டு மின்பெட்டியை மாற்ற 7 மணி நேரம் மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருந்தது. அன்று நிறுத்துவதற்கு முன்பே கேனிஸ்டரைத் திறந்து, வளையங்களைத் துணி துவைக்கும் வலைப்பையில் கட்டித் தொட்டிக்குள் இறக்கி, அதன் அடியில், பம்பின் காற்றைக் குமிழிகளாக்கும் ஏர் ஸ்டோனை வைத்தேன். குமிழிகள் வளையங்களுக்கிடையே புகுந்து ஏறின. வரவேற்பறையில் அழுக்குத் துணி மூட்டையை ஊறவைத்ததுபோல் இருக்கிறது என்று மனைவி சொன்னார், அப்படித்தான் இருந்தது. மீன்களுக்கு அன்று தீனி போடவில்லை. மாலையில் கேனிஸ்டரின் பழைய நீரைக் கொட்டி, வளையங்களைத் திரும்ப அடுக்கி ஓடவிட்டேன். மறுநாள் அம்மோனியா சோதனைக் குழாயில் நீர் மஞ்சளாகவே நின்றது, அதாவது அம்மோனியா இல்லை.

இரண்டு நாள் நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதுவோர் இருப்பார்கள். அவர்களுடைய கேனிஸ்டர் புதிதாகக் கழுவியதாக இருந்திருக்கலாம், மீன்கள் குறைவாக இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. கழிவு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தே கேடும் அமைகிறது. உங்களுடையதைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் 6 மணி நேரம் என்பது எனக்கு அச்சமூட்டும் கணக்கு. நாற்றம் வந்தால் பழைய நீரைக் கழிப்பறையில் கொட்டி, தொட்டிநீரில் அலசி, பிறகு ஓடவிட்டு, இரண்டு வாரத்துக்கு அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நாள்தோறும் சோதியுங்கள். அம்மோனியா இறங்க இறங்கத்தான் நைட்ரைட் ஏறும். அம்மோனியா சுழியம் காட்டியதும் சோதனையை நிறுத்திவிடாதீர்கள்.